ஒட்டகத்துக்கு ஒரு பாட்டில்

"இந்த மாசமும் முதல் பரிசு யாருக்குன்னு நான் சொல்லணுமா?" என்று மேனேஜர் மைக்கில் கேட்டதும், தையல் வரிசையில் இருந்த முப்பது பேரும் உதட்டைச் சுழித்தார்கள்.

பாக்கெட் தைக்கிற அக்கா எழுந்து போனாள். பரிசு, பளபளவென்று ஒரு ஸ்டீல் தண்ணீர் பாட்டில்.

"ஒட்டகத்துக்கு எதுக்குடி பாட்டில்?" என்று காலர் தைக்கிறவள் பக்கத்து மெஷின்காரியிடம் முணுமுணுத்தாள்.

ஒட்டகம் என்பது வரிசையே சேர்ந்து வைத்த பேர். அந்தக் கம்பெனியில் தாகம் எடுத்தவுடன் தண்ணீர் குடித்துவிட முடியாது. டோக்கன் வேண்டும். காலையில் ஆளுக்கு இரண்டு பச்சை பிளாஸ்டிக் வில்லை கொடுப்பார்கள். ஒரு வில்லையைக் கொடுத்தால் குழாயடியில் நிற்கும் காவலாளி ஒரு டம்ளர் பிடித்துத் தருவார். வீட்டிலிருந்து கொண்டுவரும் பாட்டில் வாசலோடு சரி, சாயங்காலம்தான் கைக்கு வரும். துணியில் தண்ணீர் பட்டால் கறையாகிவிடுமாம். அடேயப்பா, என்ன அக்கறை!

அக்கா மட்டும் ஆறு மாதமாகக் குழாய்ப் பக்கமே போனதில்லை. மத்தியானச் சாப்பாட்டைக்கூட ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல் விழுங்கிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்து உட்கார்ந்துவிடுவாள். மெஷின் நிற்காது. அதனால் பாக்கெட் அதிகம், அதனால் பரிசு.

"நல்லாப் பாத்துக்குங்க," என்றார் மேனேஜர். "இந்தம்மா சொட்டுத் தண்ணி குடிக்காம வேலை பாக்கலையா? உங்களுக்கு மட்டும் என்ன, தொண்டையில அடுப்பா எரியுது? நாளையிலேர்ந்து ஆளுக்கு ஒரு டோக்கன்தான்."

காலர் தைக்கிறவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குச் சிறுநீரகத்தில் கல். 'தண்ணி குடிக்கலைன்னா அடுத்தது ஆபரேஷன்தான்' என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. கம்பெனிக்குத் தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அதனால் அப்போதே, தைத்ததைச் சரிபார்க்கிற செக்கிங் அண்ணனிடம் மட்டும், சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து சொல்லி அழுதாள். மேல்படியில் ஒட்டகம் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அது கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன!

அதற்கு மறுநாள் சாப்பிட்டு வந்து, நூல் சுற்றிய பாபின் போட்டு வைக்கும் டப்பாவைத் திறந்தால், உள்ளே இரண்டு டோக்கன். அன்றிலிருந்து தினமும் இரண்டு. அண்ணனுக்குத் தங்கமான மனசு! வாய்விட்டு நன்றி சொன்னால் அவருக்கு வம்பு என்று, தூர இருந்தே தலையை ஆட்டுவாள். அவரும் சிரிப்பார். அந்த நாலு டம்ளரில்தான் கல் அடங்கிக் கிடந்தது.

இனிமேல் அதுவும் போச்சு. எல்லாம் இந்த ஒட்டகத்தால்!

பாட்டிலைக் கையில் பிடித்தபடி அக்கா திரும்பி வந்தாள். காலர் தைக்கிறவள் எழுந்து குறுக்கே நின்றாள்.

"ஏன்க்கா, இப்பத் திருப்தியா?"

"என்னம்மா?"

"ஆறு மாசமா மேனேஜருக்கு ஜால்ரா தட்டினியே, அதைக் கேக்கறேன். ஒரு பாட்டிலுக்காக முப்பது பேர் வாயில மண்ணைப் போட்டுட்டியே! உனக்குன்னு ஒரு புள்ளகுட்டி இருந்தாத்தானே அடுத்தவங்க வலி தெரியும்!"

பக்கத்து மெஷின்காரி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். கடைசியில் சொன்னது அதிகம்தான் என்று அவளுக்கே பட்டது. ஆனாலும் விடவில்லை, முறைத்துக்கொண்டே நின்றாள்.

அக்காவின் உதடு வெடித்து வெளுத்திருந்தது. விலகிப் போய் மெஷினில் உட்கார்ந்தாள். பாட்டிலைக் காலடியில் போட்டுவிட்டுத் தைக்கத் தொடங்கினாள்.

மறுநாள் பதினோரு மணிக்குப் பாக்கெட் மெஷின் நின்றது.

எல்லாத் தலையும் திரும்பியது. அக்கா கையில் ஒரே ஒரு பச்சை டோக்கனோடு குழாயடிக்கு நடந்தாள். கொடுத்தாள். டம்ளரை வாங்கி அண்ணாந்து குடித்தாள், கழுத்தெல்லாம் வழிய வழிய.

யாரோ கை தட்ட, எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள். காலர் தைக்கிறவள்தான் எல்லோரையும்விட பலமாகத் தட்டினாள்.

"பாத்தீங்களா? நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டாத்தான் சில பேருக்கு உறைக்குது!"

மத்தியானம் சாப்பிட்டு வந்தாள். அவளுடைய ஒற்றை டோக்கன் காலையிலேயே தீர்ந்துவிட்டது. பரவாயில்லை, அண்ணன் தன்னுடைய ஒன்றையாவது வைத்திருப்பார். டப்பாவைத் திறந்தாள். பாபின் மட்டும்தான் இருந்தது. மடியில் கொட்டிப் பார்த்தாள். வெறும் பாபின்.

நேரே செக்கிங் மேஜைக்குப் போனாள்.

"அண்ணே, இன்னிக்கு வைக்கலையா?"

"எதைம்மா?"

"டோக்கன்ணே. தினம் டப்பால ரெண்டு வைப்பீங்களே!"

அவர் திருதிருவென்று விழித்தார். "எனக்கு ஏதும்மா டோக்கன்? எங்களுக்கெல்லாம் ஆபீஸ் கேன் தண்ணியாச்சே. அதுல உனக்கு ஒரு டம்ளர் கொண்டாந்து குடுக்கணும்னு அன்னிக்கே நினைச்சேன்..." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பயந்துட்டேம்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள். எல்லோருக்கும் முன்னால் சாப்பிட்டு ஓடி வந்து பாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள் அக்கா. நேற்று வாங்கிய பாட்டில் காலடியில், பிரிக்காத கவரோடு கிடந்தது.

பக்கத்தில் போய் நின்றாள். "அக்கா..." என்று மெல்லக் கூப்பிட்டாள்.

அக்கா தைப்பதை நிறுத்தவில்லை, நிமிரவும் இல்லை.

"அந்த ஒண்ணையும் உன் டப்பாலதான் வைக்கறதா இருந்தேம்மா. நேத்து நீ பேசினது தொண்டையிலயே நின்னுடுச்சு. அதை முழுங்கத்தான் ஒரு டம்ளர் குடிச்சேன்."