பொருந்திய உறவு

அப்பாவின் உடலுக்கு விலை நாற்பதாயிரம் ரூபாய். கேட்டவன் அவருடைய தம்பி மகன் வீரணன்.

பேருந்து தீப்பிடித்து இறந்தவர்களில் அப்பாவை மரபணுவை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். மரபணு பொருந்துகிற உறவினருக்கே உடல் என்று சட்டம் வந்துவிட்டது. நானோ அவர் எடுத்து வளர்த்த மகள்.

“மரபணுவுல இருபது குறியீட்டையும் பாத்தாச்சும்மா,” என்றார் பிணவறை கிளார்க். “நீங்க உறவில்லைன்னு வருது. பக்கத்துல நிக்கிறாரே, அவருதான் உறவு.”

“முப்பது வருஷமா எட்டிப் பாக்காதவனா உறவு?” என்றேன்.

வீரணன் என் கைமேல் துண்டைப் போட்டு, அதற்கடியில் நான்கு விரல்களைப் பிடித்தான். மாட்டுச் சந்தையில் அப்படித்தான் விலை பேசுவார்கள். அப்பா அங்கே தரகர்.

“பெரியப்பா தொழில் முறைதானே, தங்கச்சி.”

துண்டை உருவி எறிந்தேன். “அப்ப பல்லைப் பிடிச்சுப் பாத்தியா? வயசு தெரிஞ்சாத்தானே விலை சொல்லணும்.”

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தி, “சரி, முப்பதுக்கு முடி,” என்றான்.

வளையலை விற்றுக் கொடுத்தேன். பணத்தை எண்ணி வாங்கியவன் உடலைப் பெற்றதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்; சுடுகாட்டுக்குக்கூட வரவில்லை. கொள்ளி வைத்தது நான்தான்.

மறுநாள் இறப்புச் சான்றிதழ் வந்தது. உடலைப் பெற்ற உறவினர்: ஒருவர். பிள்ளைகள்: பூஜ்யம்.