மணிக்கு ஐநூறு டாலர்

"எப்பவும் மணிக்கு நூத்தி இருபதுதானே வாங்குவீங்க? இப்ப ஐநூறா?" வக்கீல் ஹாலோவே போனில் சிரித்தார்.

"கட்டுப்படியாகலைன்னா வேற ஆளைப் பாருங்க சார்," என்றாள் லோர்னா. நர்ஸ் வேலையை விட்டதிலிருந்து, வழக்குக்கு வரும் ஆஸ்பத்திரிக் குறிப்புகளைப் படித்துத் தவறு கண்டுபிடிப்பதே அவள் பிழைப்பு.

"மூணே முக்காலுக்குச் செத்தவர் நாலு மணிக்கு நல்லாத் தூங்குறார்னு ஒரு நர்ஸ் முன்கூட்டியே எழுதி வச்சிருக்கா. கையெழுத்து வெறும் கிறுக்கல். அவ யாருன்னு தெரியணும்."

"அதுக்குத்தான் ஐநூறு."

"இவ்வளவு கேக்குறவங்க கெட்டிக்காரியாத்தான் இருக்கணும். சரி, ஐநூறே தர்றேன்!"

லோர்னா போனை வைத்தாள். மறுத்துவிடுவார் என்று நம்பித்தான் அவ்வளவு கேட்டிருந்தாள். அவர் அனுப்பி, மேசையில் விரிந்துகிடந்த அந்தக் குறிப்புத் தாளில் இருந்தது, ஆஸ்பத்திரியை விடுவதற்கு முந்தைய வாரம் அவளே போட்ட கையெழுத்து.