காபி டம்ளரும் முதல் பக்கமும்

"இங்க பாரு, நாளையிலேருந்து மூணு நாளைக்குத் தண்ணி வராதாம்! முதல் பக்கத்துலயே போட்டிருக்கான்!"

ரிட்டயர் ஆன தலைமை எழுத்தர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். மேஜையில் விரித்திருந்த பேப்பரின் மேல் ஓரத்தில் மனைவி வைத்திருந்த காபி டம்ளரைக்கூட அவர் தொடவில்லை.

"ஐயய்யோ! தொட்டியெல்லாம் பாசி பிடிச்சுக் கிடக்கே. தேய்ச்சாத்தானே ரொப்ப முடியும்?" என்றாள் மனைவி.

"நானே தேய்க்கிறேன். நீ குறுக்க வராம இருந்தா போதும்!"

கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பிரஷ்ஷோடு குளியலறைக்குள் புகுந்தார். போன வாரம் புயல் செய்தியைப் படித்துவிட்டு, மொட்டை மாடியில் பத்து வருடமாகக் கிடந்த தட்டுமுட்டுச் சாமான்களை ஒரே நாளில் காலி செய்தவர் அவர். புயல்தான் வரவில்லை. பேப்பர்காரர்களை இரண்டு நாள் திட்டித் தீர்த்தார்.

மனைவி அவருடைய நாற்காலியில் சாய்ந்துகொண்டு காபியை எடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரி உள்ளே வந்தாள்.

"அக்கா, இந்தாங்க உங்க புயல் பேப்பர். எங்க வீட்டுக்காரரும் மாடியைத் துடைச்சு வச்சுட்டார்."

"தேதியைப் பார்க்கலையே?"

"நீங்க சொன்ன மாதிரி டம்ளரை அது மேலயே வச்சேன். ஆறு வருஷப் பழசுன்னு சந்தேகமே வரலை. அடுத்து அந்தத் தண்ணி பேப்பரைக் குடுங்களேன்."

"அது உள்ள வேலை பார்த்துட்டு இருக்கு" என்று குளியலறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள் அக்கா. "எலிக் காய்ச்சல் பேப்பர் வேணா எடுத்துட்டுப் போ. பரண் சுத்தமாயிடும்."