கல்யாண நாள் உருவம்

குழந்தை பிறந்த இரண்டாம் வாரம் ஜெயசீலன் மனைவிக்கு ஒரு கண்ணாடியை வாங்கிவந்து சுவரில் மாட்டினான். அதன் முன்னால் நின்றால், கல்யாண நாளில் எப்படி இருந்தாளோ அப்படியே கோமதிநாயகியைக் காட்டும். அன்றிலிருந்து அவள் குனிந்து தன் வயிற்றைப் பார்ப்பதே இல்லை. குளிக்கும்போதும் கண்ணை மூடிக்கொள்வாள்.

குழந்தைக்கு எட்டாம் மாதம் நடந்தபோது அவளுக்கு வாந்தி நிற்காமல் போகவே, இருவரும் திருப்பூரில் டாக்டர் நசீமாவிடம் போனார்கள். டாக்டர் சேலையை விலக்கினார். தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழ அளவில் வீங்கியிருந்தது.

"குடல் பிதுங்கியிருக்கும்மா. இது எத்தனை நாளா இருக்குது?"

"தெரியலீங்க டாக்டர்."

"கண்ணாடியில பாக்கலையா?"

"தினமும் பாப்பேனுங்க," என்றாள்.

ஜெயசீலன் தலையைக் குனிந்துகொண்டான். "போன மாசமே நான் பாத்தேனுங்க. இவ தூங்கறப்ப. சொன்னா மனசு நோகும்னு விட்டுட்டேன்."

குடல் பிதுங்கியதைவிட, அவன் பார்த்துவிட்டான் என்பதுதான் அவளைக் கூசவைத்தது. அவசரமாகச் சேலையை இழுத்தாள். டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆபரேஷன் பண்ணிச் சரிபண்ணிரலாம். அதுக்கு முன்னாடி நீங்களும் ஒருதடவ பாருங்க."

கோமதிநாயகி மெல்லக் குனிந்தாள். சுருங்கித் தொங்கிய தோல், வெளிறிய வரிகள், நடுவே அந்த வீக்கம். யாரோ முன்பின் தெரியாதவளின் வயிறுபோல இருந்தது. டாக்டர் விரலால் லேசாகத் தொட்டார்.

"வலிக்குதா?"

அவள் புருஷனைப் பார்க்கவில்லை.

"ரொம்ப நாளா வலிக்குதுங்க," என்றாள்.