ரெண்டு ஆள் பாரம்

"எட்டு வருஷமா? அஞ்சுக்கு மேல போகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கோர்ட்டு வராந்தாவில் அக்கா வழிமறித்ததும் வக்கீல் நின்றார்.

"திருட்டுக்கு அஞ்சு, கூட்டுச்சதிக்கு மூணு. ரெண்டையும் ஒண்ணாவே கழிச்சிடலாம்னு நினைச்சேன். ஒண்ணு முடிஞ்ச பிறகுதான் இன்னொண்ணுன்னு ஜட்ஜ் சொல்லிட்டாரு."

"ஒரே திருட்டுக்கு ரெண்டு தண்டனையா? இது எந்த ஊரு நியாயம்?"

"சேர்ந்து திட்டம் போட்டது தனிக் குற்றம்மா. திருடுபோன அந்த இரும்புப் பெட்டியை ஒத்தை ஆள் மாடியிலேர்ந்து இறக்கியிருக்கவே முடியாது. கூட வந்தவன் பேரைச் சொன்னா தண்டனை குறையும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். உங்க தம்பி வாயில கொழுக்கட்டை."

அந்தத் தம்பியை வளர்த்ததே அக்காதான். தாயில்லாப் பிள்ளை என்று இடுப்பில் தூக்கி வளர்த்தவள். கல்யாணமாகிப் போன வீட்டுக்கும் அவனைக் கையோடு கூட்டிப் போனாள். அவள் வீட்டுக்காரர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன், மச்சான் பிடிபட்ட அன்றைக்கே அதிர்ச்சியில் இடுப்பு பிடித்துப் படுத்துவிட்டார்.

உள்ளே இருக்கிறவனுக்கு அந்தக் கவலை வேறு எதற்கென்று தம்பியிடம் அவள் மூச்சு விடவில்லை.

இன்று காலையில்கூட வீட்டுக்காரர், "அந்தத் திருட்டுப்பய மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பின்னே, மானஸ்தனுக்கு வலிக்காதா?

தம்பியை வேனுக்குக் கூட்டி வந்தார்கள். அக்கா குறுக்கே போய் நின்றாள்.

"எவனோ ஒருத்தனுக்காக மூணு வருஷம் கூட கிடக்கப் போறியே, உனக்கு அறிவு இருக்கா? அவன் என்ன உன் கூடப்பொறந்தவனா?"

தம்பி தலை குனிந்தான்.

"உன்னை மாட்டிவிட்டுட்டு வீட்டுல சொகுசா படுத்திருப்பான் பாவி. அவன் குடும்பம் வெளங்குமா? அவன் பொண்டாட்டி நடுத்தெருவுல நிப்பா, பாத்துக்க."

"அப்படியெல்லாம் சொல்லாதக்கா." அவன் சட்டென நிமிர்ந்தான். "அவங்க நல்லா இருக்கணும்."

போலீஸ்காரர் அவன் தோளைத் தொட்டார். வேன் படியில் கால் வைத்தவன் திரும்பினான்.

"மாமா வரலியா?"

"வேலைக்குப் போயிருக்காருடா" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேலைக்கா? இடுப்பு வலி சரியாயிடுச்சாக்கா? இனிமே பாரம் எதுவும் தூக்க வேணாம்னு சொல்லு."