விருந்தாளிக் கட்டம்

"யாருய்யா அந்த விருந்தாளி? பேரைச் சொல்லு!"

கோபால்சாமி போட்ட சத்தத்தில் ஜீப் டிரைவர் பீடியைக் கீழே போட்டுவிட்டார். எதிரே கணக்கெடுக்க வந்த சிவசங்கர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். நாடு முழுக்க வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பு நடக்கிறது. புதூர்நாடு பக்கத்தில் ஒரு சின்ன மலையூரில் எட்டு வீட்டைக் கம்ப்யூட்டர் பொறுக்கிக் கொடுத்தது. போன முப்பது நாளில் என்ன சாப்பிட்டார்கள், என்ன வாங்கினார்கள் என்று வீடு வீடாக உட்கார்ந்து கேட்டு டேப்லெட்டில் ஏற்ற வேண்டும். சிவசங்கர் ஏழு வீட்டை முடித்துவிட்டான். 'விருந்தாளி சாப்பாடு' என்று ஒரு கட்டம். ஏழு வீட்டிலும் அதில் 'ஒன்று' என்று போட்டிருந்தான்.

கோபால்சாமி இவனுக்கு மேற்பார்வையாளர். மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு இஷ்டத்துக்கு எழுதி அனுப்புகிற ஆட்களை நிறையப் பார்த்தவர். இதைப் பார்த்ததும் திருப்பத்தூரிலிருந்து ஜீப் ஏறிவிட்டார். பொய் என்று தெரிந்தால் சிவசங்கருக்கு வேலை காலி. ஒப்பந்த வேலைதானே, ஒரு போன் போதும்.

"வூட்டுக்கு ஒரு விருந்தாளி. ரேஷன்ல குடுத்தாங்களா?"

"நிஜமாவே சாப்ட்டாங்க சார். அதான் எழுதினேன்."

"வா, வூட்டுக்காரங்களையே கேட்டுடலாம்."

முதல் வீட்டு முனியன் புளி ஓடு உடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க வூட்ல விருந்தாளி யாராச்சும் சாப்ட்டாங்களா?"

"ஆமா சார். சாப்ட்டாரு."

"பேரு?"

"பேரு கேட்டுக்கினா சார் சோறு போடுவாங்க?"

அடுத்த வீட்டுக்காரி சின்னக்குழந்தை இன்னும் தெளிவாகச் சொன்னாள். "ஒல்லியா இருந்தாரு சார். ஆனா கொழம்பு ரெண்டு தபா வாங்குனாரு."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிவசங்கர் ஆகாயத்தைப் பார்த்தான்.

'நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கான்' என்று பல்லைக் கடித்தார் கோபால்சாமி.

"எட்டாவது வூடு பாக்கி இருக்குல்ல? என் எதுருல எடு. அங்க எந்த விருந்தாளி வர்றான்னு நானும் பாக்கறேன்."

எட்டாவது வீடு சுந்தரம்மாளுடையது. சிவசங்கர் ஆரம்பித்தான்.

"முப்பது நாள்ல சாமை எவ்ளோங்க ஆச்சு?"

"எட்டு படி இருக்கும்."

"சொந்த விளைச்சலா, கடையிலயா?"

"நல்லா கேட்ட போ. சாமையப் போயி யாராச்சும் கடையில வாங்குவாங்களா?"

ராகி, துவரை, எண்ணெய், வெங்காயம், பூண்டு என்று போய்க்கொண்டே இருந்தது. கடுகு வரைக்கும் பொறுத்துப் பார்த்த சுந்தரம்மாள் எழுந்துவிட்டாள்.

"ஏன் தம்பி, வந்ததுலருந்து சோறு, கொழம்பு, கடுகுன்னே கேக்கறியே. பசின்னா பசிக்குதுன்னு சொல்றதுக்கு இன்னா?"

உள்ளே போனவள் இரண்டு தட்டோடு வந்தாள். சாமைச் சோறு, மேலே பலாக்கொட்டைக் குழம்பு.

கோபால்சாமி பதறிப்போனார். "வேணாம்மா. அரசாங்க வேலையா வந்திருக்கோம். கணக்கெடுக்கற வூட்ல கை நனைக்கக் கூடாது. மீறினா வேலை போயிடும்."

"எங்க சட்டியில இன்னா வேவுதுன்னு எட்டிப் பாப்பீங்க, அத துன்ன மாட்டீங்களா? பட்டினியா குந்திக்கினு இருக்கற ஆளுங்ககிட்ட, நாங்க இத துன்னோம் அத துன்னோம்னு எப்படி சார் வாய் கூசாம சொல்றது? மொத சாப்டுங்க. அப்பறம் எவ்ளோ வேணா கேளுங்க."

சிவசங்கர் தலையைக் குனிந்துகொண்டான்.

"இந்தத் தம்பியும் மொதல்ல ஒங்கள மாதிரிதான் முறுக்கிக்கினு இருந்துச்சு. முனியன் பொண்டாட்டி ஒரு கேள்விக்கும் பதில் சொல்லலியே! அப்பறம் ஏழு வூட்லயும் சாப்ட்டுதான் எழுதுச்சு."

கோபால்சாமி மெதுவாகத் திரும்பினார். "நீயா அந்த விருந்தாளி?"

"ஆமா சார்."

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னாய்யா?"

"சாப்ட்டேன்னு சொன்னாலும் வேலை போவும். பொய் எழுதினேன்னாலும் போவும். போறதுதான் போவுது, கணக்காவது சரியா இருக்கட்டும்னு எழுதிட்டேன் சார்."

கோபால்சாமிக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்து தொலைத்தது. குழம்பு வாசனை வேறு. தட்டை இழுத்தார். அவரும் இரண்டு தபா வாங்கினார்.

கை கழுவ வெளியே வந்தபோது போன் அடித்தது. ஆபீஸிலிருந்து மேடம். ஈரக் கையோடு ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன ஆச்சு கோபால்சாமி?"

"விருந்தாளி நிஜம்தான் மேடம். விசாரிச்சுட்டேன்."

"ஏழு வீட்லயுமா? அந்த மலையில இருக்கிறவங்களே கஷ்டப்பட்டுச் சாப்பிடறாங்க. அவங்க விருந்து வெச்சாங்கன்னா மேல யார் நம்புவாங்க? விருந்தாளிக் கட்டம் எல்லாத்துக்கும் பூஜ்யம் போட்டு இன்னிக்கே அனுப்புங்க. அந்தப் பையனை நாளைலருந்து வர வேணாம்னு சொல்லிடுங்க."

"இல்ல மேடம், நான் கண்ணால..."

"பூஜ்யம், கோபால்சாமி."

உள்ளே சிவசங்கர் கடைசிக் கேள்விக்கு வந்திருந்தான்.

"வூட்டு ஆளுங்கள விட்டுட்டு, வெளியாளு யாராச்சும் இங்க சாப்ட்டாங்களாங்க?"

சுந்தரம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "துன்ன கை இன்னும் காயல, கேக்கறான் பாரு கேள்வி!"

சிவசங்கர் சிரிக்கவில்லை. போனில் பேசினது அவன் காதிலும் விழுந்திருந்தது. டேப்லெட்டை அப்படியே கோபால்சாமியிடம் நீட்டினான்.

"நீங்களே போட்டுடுங்க சார்."

கோபால்சாமி வாங்கினார். பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. அதை மறைக்கவும் இல்லை.

"நாளைக்கு அடுத்த ஊரு. காலையில எட்டு மணிக்கு ஜீப்பு. லேட்டா வந்தே, விட்டுட்டுப் போய்ட்டே இருப்பேன்."

ஏழு வீட்டு 'ஒன்று' எதிலும் அவர் விரல் வைக்கவில்லை. மேடம் பூஜ்யம் போடச் சொன்ன எட்டாவது கட்டத்தில், 'இரண்டு' என்று போட்டு அனுப்பினார்.