மறக்காத முகம்

"அவசரமே இல்லம்மா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நீங்க கை காட்டுற ஆள் உள்ளே போயிடுவான். அதை மனசுல வச்சுக்குங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

மருந்துக்கடைக்காரி தலையாட்டினாள். கழுத்தில் இன்னும் கட்டு இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால், காலையில் கடை திறக்க வந்தவளின் கைப்பையைப் பிடுங்கியவன், கழுத்தில் கத்தியையும் இழுத்துவிட்டு ஓடிவிட்டான். யாரோ ஒரு புண்ணியவான் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் இன்று இந்த ஸ்டேஷன் படியை மிதித்திருக்க மாட்டாள். பை போனது, ஒற்றைச் செருப்பு போனது, தூக்கமும் போனது. அந்த முகம் மட்டும் போகவில்லை. கண்ணை மூடினால் போதும், வந்து நிற்கும்.

முக விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. ஒரே ஒரு தடவை இருமல் மருந்து வாங்கிப் போனவரை அடுத்த வருஷம் பார்த்தாலும் "இருமல் நின்னுச்சா?" என்று கேட்பவள்.

உள் அறையில் ஆறு பேர் வரிசையாக நின்றார்கள். ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே வயது. முதல் ஆள் சுவரைப் பார்த்தான். இரண்டாவது ஆள் தரையைப் பார்த்தான். மூன்றாவது ஆளுக்குக் கொட்டாவி வந்தது. நான்காவது ஆளிடம் வந்ததும் சட்டென்று நின்றுவிட்டாள்.

அதே அகன்ற நெற்றி. புருவத்தில் அதே தழும்பு. போதாததற்கு, அவளைப் பார்த்து லேசாகச் சிரிக்க வேறு செய்தான். என்ன நெஞ்சழுத்தம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இவன்தான்" என்றாள். விரலை நேராக அவன் முகத்துக்கு நீட்டினாள்.

அவன் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். இன்ஸ்பெக்டர் கையமர்த்திவிட்டு அவளைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். சந்தேகம் ஏதாவது உண்டா என்று இரண்டு தடவை கேட்டார். அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"துளிகூட இல்ல சார். என் முகத்துக்கு இவ்வளவு கிட்ட இருந்துச்சு அவன் மூஞ்சி. கழுத்தை ஒரு கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, பேசாதே, அசையாதேன்னான். சட்டையெல்லாம் என் ரத்தம். அவனை வெளியே விட்டீங்கன்னா நான் எப்படி சார் கடை திறப்பேன்?"

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"நாங்க பிடிச்சு வச்சிருக்கிறது ரெண்டாவது ஆளை. உங்க பை அவன் வீட்டுலதான் கிடைச்சது."

"அப்போ நாலாவது ஆள்?"

"பால் வண்டி ஓட்டுறவர். வரிசைக்கு ஒரு ஆள் குறைஞ்சுது, நான்தான் நிக்கச் சொன்னேன். நீங்க அன்னிக்கு மயக்கமா இருந்தீங்க, அவரைப் பாத்திருக்க மாட்டீங்கன்னு நினைச்சேன். காலையில இதைக் குடுத்துட்டுப் போகத்தான் வந்தார். அவர் வண்டியிலேயே கிடந்துச்சாம்."

மேஜைமேல் செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை வைத்தார். அவள் பிரித்துப் பார்த்தாள். உள்ளே, ரத்தக்கறை போகக் கழுவித் துடைத்த அவளுடைய ஒற்றைச் செருப்பு இருந்தது.